வெளிறு வைரமான கதை

தொல்காப்பிய மரபியலைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் எவரும் ஓரிடத்தில் சற்றே நின்றுதான் மேற்செல்வர். புறத்தே வன்மை கொண்டவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மை கொண்டவற்றை மரம் என்றும் பகுக்கும் இடம் அது. அப்பகுப்பின்படி, வானளாவி நின்றாலும் பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினமே. வேம்பும் தேக்கும் மரம். அந்த வன்மைக்கு அந்நூல் தரும் பெயர் காழ். இன்றைய தச்சர் அதனை வைரம் என்பர். வைரத்தைச் சூழ்ந்து நிற்கும் இளமையான, வெளுத்த, நீர் ஓடும் பகுதிக்கு வெளிறு என்று பெயர். வைரம் பாய்ந்த கட்டை தலைமுறைகளைத் தாங்கும். வெளிறு சில மழைக்காலங்களில் கரையானுக்கும் காளானுக்கும் இரையாகிவிடும். இது நம் ஆசாரிமார் எவரும் அறிந்த செய்தி.

வெளிற்றுக்கும் வைரத்தின் ஆயுளைத் தந்துவிட முடியுமா என்று கடந்த 2 நூற்றாண்டுகளாக மனிதர் செய்த முயற்சியின் வரலாற்றையே இக்கட்டுரையில் காணவிருக்கிறோம். அவ்வரலாறு இங்கிலாந்தில் தொடங்கி, சென்னை மாகாணத்து இருப்புப்பாதையைத் தொட்டு, இமயத்தின் அடிவாரத்தில் ஒரு திருப்பம் கண்டு, இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கரிசல் மண்ணில், வீட்டுக் கொல்லைப்புறத்து மரமேடைகளில் போய் நிற்கிறது. இடையில் நம் கவனத்திற்குத் தப்பிய ஓர் இந்தியரின் பெயரும் வருகிறது.

தண்டவாளத்தின் பசி

மரத்தைக் காக்க எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். வேப்பெண்ணெய், கீல், முந்திரிக்கொட்டை எண்ணெய் ஆகியவற்றை நம்மவரும் கையாண்டு வந்துள்ளனர். ஆனால் பூச்சு மேற்பரப்பில் நின்றுவிடுகிறது. வெயிலில் மரம் வெடித்தால் வெடிப்பின் வழியே நீர் புகும். நீர் புகுந்த வழியே அழிவும் புகும். மருந்து மரத்தின் உள்ளே செல்லவேண்டும் என்பதே கேள்வியாக இருந்தது.

இங்கிலாந்தில் 1832-இல் கையன் என்பவர் பாதரச உப்புக் கரைசலில் மரத்தை ஊறவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1838-இல் ஜான் பெத்தல் அதனினும் பெரிய அடியெடுத்து வைத்தார். பெரியதோர் இரும்பு உருளைக்குள் மரத்தை அடுக்கிக் கதவை இறுக மூடுவது. முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. மரத்தின் நுண்ணறைகளில் உள்ள காற்றும் வெளியேறிய பின் நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் எண்ணெயை நிரப்புவது. பிறகு அழுத்தத்தைக் கூட்டி அந்த எண்ணெயை நுண்ணறைகளுக்குள் திணிப்பது. இதுவே அவர் வகுத்த முறை. இன்றைய ஆலைகளிலும் அடிப்படை இதுதான். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ அளவுக்கு அழுத்தம் தரப்படுகிறது. மருந்துகள் மாறின; உருளை மாறவில்லை.

இம்முறையை வாழவைத்தது இருப்புப்பாதை. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை சிலிப்பர்க் கட்டைகள் தேவைப்பட்டன. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் ஓடியபோது, அதன் கீழே கிடந்தது எத்தனை மரங்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். 1850-களில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஆண்டுக்கு 35,000 மரங்கள் இதற்காக வெட்டப்பட்டன என்று பள்ளி வரலாற்று நூல்களே கூறுகின்றன. அதே 1856-இல்தான் இம்மாகாணத்தின் வனப் பாதுகாவலராக கிளெகார்ன் அமர்த்தப்பட்டார் என்பது தற்செயல் அன்று. தேக்கும் சாலும் தேவதாருவும் வைரமுடையவை. ஆகவே அவையே முதலில் வீழ்ந்தன. வைரமற்ற மரங்களைப் பயன்படுத்த வழியில்லாவிடில் வைரமுள்ள காடுகள் எஞ்சா என்பது அன்றைய வனத்துறையினர்க்கு விரைவில் விளங்கிற்று. பால்டிக் கடற்கரைப் பைன் மரங்களைக் கிரியோசோட் ஏற்றிக் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அக்காலத்தில்தான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1875-இல் மிசிசிப்பி மாநிலத்து மேற்குப் பாஸ்ககுலாவில் கிரியோசோட் ஆலை எழுந்தது. பின்னாளில் வான்பயண முன்னோடியாகப் புகழ்பெற்ற ஆக்டேவ் சானூட், அதற்கு முன் இருப்புப்பாதைக் கட்டைகளுக்கு மருந்தேற்றும் பணியில் வல்லவராக விளங்கியவர் என்பது பலரும் அறியாத செய்தி.

டேராடூனில் பிறந்த கலவை

கிரியோசோட்டுக்குக் குறைகள் உண்டு. கருமை, கடுநாற்றம், கையில் ஒட்டும் பிசுபிசுப்பு. தண்டவாளத்தின் கீழே கிடக்கும் கட்டைக்கு அது பொருந்தும். மனிதர் கைபடும் மரத்துக்குப் பொருந்தாது. நீரில் கரையும் உப்புகளோ நாற்றமற்றவை. ஆனால் கரைந்து உட்சென்றவை மழையில் கரைந்தே வெளிவந்துவிடும். உட்புகும்போது கரையவேண்டும், உட்புகுந்தபின் கரையக்கூடாது. இந்த முரண்பாட்டை யார் அவிழ்ப்பது?

அவிழ்த்தவர் சொண்டி காமேசம். 1906-இல் நிறுவப்பட்ட டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய இந்தியப் பொறியாளர். 1933-இல் அவர் வகுத்த கலவையில் மூன்று பொருள்கள்: ஆர்செனிக், செம்பு, குரோமியம். செம்பு பூஞ்சைக்குப் பகை. ஆர்செனிக், அதாவது நம் மருத்துவ நூல்கள் பாடாணம் எனக் கூறும் இனத்தது, கரையானுக்கும், செம்புக்கு அஞ்சாத சில பூஞ்சைகளுக்கும் பகை. ஆனால் கலவையின் உயிர்நாடி மூன்றாவதாகிய குரோமியத்திலேயே இருந்தது. டைகுரோமேட் வடிவில் உட்செல்லும் குரோமியம் மரத்தின் லிக்னினோடும் சர்க்கரைப் பொருள்களோடும் வினைபுரிந்து தன் நிலை மாறுகிறது. மாறும்போது மற்ற இரண்டையும் நீரில் கரையாச் சேர்மங்களாக மரத்துக்குள்ளேயே பிணைத்துவிடுகிறது. மரமே பூட்டாகவும் குரோமியம் திறவுகோலாகவும் அமைந்த ஏற்பாடு இது.

ஆர்செனிக்கு, செம்பு ஆகியவற்றின் வேதியியல் குறியீடுகளைச் சேர்த்து இக்கலவைக்கு ஆஸ்கு என்று பெயரிட்டனர். ஆர்செனிக் பென்டாக்சைடு 1 பங்கு, மயில்துத்தம் 3 பங்கு, டைகுரோமேட் 4 பங்கு என்பது இந்தியாவில் நிலைத்த அளவு. 1938-இல் அமெரிக்கக் காப்புரிமையும் காமேசத்தின் பெயரில் வழங்கப்பட்டது. அந்நாட்டில் முதலில் இதனை நாடியவை தொலைபேசிக் கம்பங்கள். மூன்று உலோகங்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு சிசிஏ என்று உலகெங்கும் வழங்கிய மருந்து இதுவே. அதன் சாயல் ஏறிய மரம் இளம்பச்சையாகத் தோன்றும்.

இங்கே தொல்காப்பியரை மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கிறது. அழுத்தத்தால் மருந்து புகுவது வெளிற்றுக்குள் மட்டுமே. வைரத்தின் நுண்வழிகள் பிசினாலும் பிற பொருள்களாலும் அடைபட்டிருப்பதால் அங்கே மருந்து எளிதில் நுழைவதில்லை. ஆக, மருந்தேறிய பைன் கட்டையில் புறத்தே காப்பு. அகத்தே அது இல்லை. அகக்காழ் உடைய மரத்தைப் புறக்காழ் உடையதாக மாற்றியிருக்கிறது மனிதனின் உருளை. மரபியலின் பகுப்பில் வைத்தால், அது மரமாகப் பிறந்து புல்லாக வேலைக்குப் போகிறது! இதனை வெறும் சொல்விளையாட்டாகக் கொள்ளவேண்டா. மருந்தேறிய கட்டையை அறுத்தால் அறுத்த முகத்தில் காப்பற்ற அகம் வெளிப்படக்கூடும்; அவ்விடத்தில் செம்பு கலந்த மருந்தைத் தூரிகையால் மீண்டும் பூசவேண்டும் என்று இன்றைய தச்சர்க்கு வலியுறுத்திச் சொல்லப்படுவதன் காரணம் இதுதான்.

முன்திண்ணையிலிருந்து பின்மேடைக்கு

அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒருகாலத்தில் நெடிலைப் பைன் காடுகள் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரந்திருந்தன. கிழக்கு டெக்சாஸ் வரை அவை நீண்டன. மெல்ல வளர்ந்து, நெருங்கிய வளையங்களோடு வைரம் பாய்ந்த மரங்கள் அவை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவை பெரும்பாலும் வெட்டித் தீர்க்கப்பட்டன. நூற்றாண்டின் இறுதியில் இருபதில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. அவற்றின் இடத்தில் நடப்பட்டவை விரைந்து வளரும் பைன் வகைகள். விரைந்து வளர்ந்த இளமரத்தில் வைரம் குறைவு, வெளிறு மிகுதி. ஆனால் உருளைக்கு வேண்டியதும் வெளிறுதானே! காடு இழந்ததை மருந்து ஈடுசெய்தது என்று சொல்லலாம். காடு இழந்ததை மருந்து மறக்கவைத்தது என்றும் சொல்லலாம்.

இதே காலத்தில் வீட்டின் அமைப்பும் மாறிற்று. அமெரிக்கத் தென்னகத்து வீடுகளுக்குத் தெருவை நோக்கிய முகப்புத் தாழ்வாரம் இருந்தது. நம் திண்ணையைப் போலவே அதுவும் அயலாரோடு பேசும் இடம். மாலைக் காற்று வாங்கும் இடம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் பெருகிய புறநகர்களில் மோட்டார் வண்டியும் குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் அதனைத் தேவையற்றதாக்கின. வெளியே அமரும் வாழ்க்கை கொல்லைப்புறத்துக்கு நகர்ந்தது. 1948-இல் கலிபோர்னியாவின் சோனோமாப் பகுதியில் தாமஸ் சர்ச் வடிவமைத்த டானெல் தோட்டத்தின் மரமேடை, டெக் என்னும் அவ்வமைப்பின் புகழ்பெற்ற முன்மாதிரிகளுள் ஒன்று. ஆனால் அங்கே பயன்பட்டது வைரமுள்ள, விலைமிகுந்த செம்மரம். நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது எட்டியது 1970-களுக்குப் பின், மருந்தேறிய மலிவான பைன் பலகை மரக்கடைகளில் குவிந்தபோதுதான். தொலைபேசிக் கம்பத்துக்கு ஏற்ற மருந்து, குழந்தைகள் தவழும் தளத்துக்கு வந்து சேர்ந்த வழி இதுவே.

நிற்காத நிலம்

டெக்சாஸில் செவ்வாற்றின் எல்லையிலிருந்து சான் அன்டோனியோ வரை நீளும் கரும்புல்வெளிப் பகுதி உண்டு. டல்லஸ் நகரின் பெரும்பகுதியும் ஆஸ்டினின் கிழக்குப் புறமும் அதன்மேல் அமர்ந்தவை. அங்குள்ள ஹூஸ்டன் பிளாக் என்னும் மண்ணை நம் கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்து உழவர் கண்டால் அயல்மண் என்று கருதமாட்டார். மண்ணியலார் இரண்டையும் வெர்டிசால் என்னும் ஒரே வரிசையில் வைப்பர். இரண்டிலும் பருத்தி விளைந்தது. இரண்டும் மழையில் பசையாகி வீங்கும்; கோடையில் கைநுழையும் அளவு பிளக்கும். மேல்மண் பிளவுகளில் விழுந்து கீழ்மண்ணோடு கலப்பதால், தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்ற பெயரும் உண்டு. கரிசலின் இந்தக் குணத்தை நம் கரிசல் எழுத்தாளர்கள் வாழ்வாகவே எழுதிக்காட்டியுள்ளனர்.

உழவனுக்கு வரமான இக்குணம் கட்டடக்காரனுக்குச் சாபம். ஆழமற்ற குழியில் ஊன்றிய கால் மாரியில் எழும்பும், கோடையில் இறங்கும். பக்கத்துக் காலோ வேறோர் அளவில் எழும்பும். அமெரிக்காவின் வடபகுதியில் காலின் ஆழத்தைத் தீர்மானிப்பது பனி உறையும் ஆழம். டெக்சாஸில் தீர்மானிப்பது ஈரம் ஏறி இறங்கும் ஆழம். டல்லஸ் வட்டாரத்தில் அது ஏறத்தாழ 3 மீட்டர் வரையும், சில இடங்களில் அதனினும் மிகுந்தும் செல்லும். ஆகவே, அந்த ஆழத்தையும் கடந்து துளையிட்டு, அடியில் மணிபோல் அகன்ற கான்கிரீட் கால்களை இறக்குவது அங்குள்ள வழக்கம். மண் வீங்கி மேலே இழுத்தாலும் அகன்ற அடி நங்கூரமாய்ப் பிடித்துக்கொள்ளும். நம் நாட்டிலும் 1950-களில் ரூர்க்கி மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனத்தார் கரிசல் நிலத்துக்கென இத்தகைய அடிவிரிந்த கால்களை வளர்த்தெடுத்தனர். டேராடூனும் ரூர்க்கியும் அடுத்தடுத்த ஊர்கள் என்பதை எண்ணுகையில் வியப்பே மேலிடுகிறது.

சிறிய மேடைக்கு இத்தனை செலவு செய்யாதார் இன்னொரு வழியைக் கைக்கொள்வர். மேடையை வீட்டுச் சுவரோடு பிணைக்காமல் தனித்து நிற்கவிடுவது. வீடு ஒரு தாளத்தில் அசையும், மேடை வேறு தாளத்தில் அசையும். இரண்டையும் ஆணியால் பிணைத்தால் என்றேனும் ஒருநாள் ஆணி தோற்கும். மேடை இடிந்து விழும் விபத்துகளில் பெரும்பங்கு சுவரோடு சேர்ந்த இப்பிணைப்பு அறுவதால் நேர்வதே. கால்களை உயர்த்தித் தாழ்த்தவல்ல இரும்புத் தாங்கிகளின்மேல் நிறுத்தினால், நிலம் அசைந்தபின் மேடையை மீண்டும் மட்டம் செய்துகொள்ளலாம். நிலத்தை வெல்ல முயலாமல் அதனோடு ஒத்துப்போகும் அறிவு இது.

வெயிலும் தன் பங்கைக் கேட்கும். ஆலையிலிருந்து ஈரத்தோடு வரும் பலகையை நெருக்கியே பொருத்துவர். 38 பாகைக்கு மேற்பட்ட கோடையில் அது சுருங்கித் தானே இடைவெளி விடும். மருந்து அழுகலைத் தடுக்கும். வெடிப்பையும் முறுக்கலையும் தடுக்காது. அதற்கு நீர்விலக்கும் பூச்சை அவ்வப்போது பூசியே தீரவேண்டும்.

வெளியேறிய நஞ்சு

காமேசத்தின் பூட்டு வலியது. ஆனால் முற்றிலும் இறுகியதன்று. ஆண்டுதோறும் பெய்த மழையில் சிறிது சிறிதாக ஆர்செனிக் கசிந்தது. 1997-இல் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, மருந்தேறிய மேடைகளின் கீழிருந்த மண்ணில் ஒரு கிலோவுக்குச் சராசரியாக 76 மில்லிகிராம் ஆர்செனிக் இருந்தது. மேடைக்கு அப்பாலுள்ள மண்ணில் 3.7 மட்டுமே. களிமண் ஆர்செனிக்கைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. மணற்பாங்கில் அது நிலத்தடி நீர்நோக்கி இறங்கும். களியில் மேடையின் அடியிலேயே தங்கும். நீருக்கு அது நன்று. அங்கே விளையாடும் குழந்தைக்கு நன்றன்று.

2001-இல் சுற்றுச்சூழல் அமைப்புகள் விளையாட்டுத் திடல்களில் இம்மரத்தைத் தடைசெய்யக் கோரி அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் முறையிட்டன. 2002 பிப்ரவரியில் உற்பத்தியாளர்கள் தாமே முன்வந்து வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலகுவதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. 2003 டிசம்பர் 31-க்குப் பின் பெரும்பாலான வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு சிசிஏ ஏற்றுவது நின்றது. 2006-இல் ஆஸ்திரேலியாவிலும் மேடைகளுக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும் அது விலக்கப்பட்டது. கம்பங்களிலும் கடல்நீரில் நிற்கும் தூண்களிலும் அதன் ஆட்சி தொடர்ந்தது.

பின்வந்த மருந்துகள் செம்பையே பெரிதும் நம்பின. ஆர்செனிக் போயிற்று, ஆனால் செம்பு மிகுந்ததால் சாதாரண இரும்பாணி விரைந்து அரித்தது. துத்தநாகத்தில் தோய்த்த ஆணியோ துருவேறா எஃகோ இன்றி அம்மரத்தில் கைவைக்கலாகாது என்பது புதிய விதியாயிற்று. ஒரு நோயை நீக்கிய மருந்து வேறொரு நோயைத் தருவது மரத்துக்கும் பொருந்தும் போலும்.

எவ்வாறு மதிப்பிடுவது?

இவ்வரலாற்றை அறிந்தவுடன் இரு குரல்கள் எழக்கூடும். அமெரிக்க வீடுகளின் மேடைகளை அரைநூற்றாண்டு தாங்கியது ஓர் இந்தியரின் கண்டுபிடிப்பு என்னும் பெருமிதக் குரல் ஒன்று. குழந்தைகளின் விளையாட்டிடத்தில் பாடாணம் தூவியவர் என்னும் பழிக்குரல் மற்றொன்று. இரண்டுமே காமேசத்துக்கு நீதி செய்யா என்பது நம் கருத்து. அவர் எதிர்கொண்ட கேள்வி, இமயத்தின் அடிவாரத்து வைரமற்ற மரங்களை உழைக்கவைத்து, வைரமுள்ள காடுகளைக் கோடரியிலிருந்து மீட்பது எப்படி என்பதாக இருந்தது. அக்கேள்விக்கு அவர் தந்த விடை சரியானது. கம்பத்துக்கென அமைந்த விடையைத் தொட்டிலுக்கருகே கொண்டுவந்தது சந்தை. விடை தவறன்று, அது இடம்பெயர்ந்ததே தவறு.

அவர் பெயரை நம் பாடநூல்களில் நாம் கண்டதில்லை. ஒரு கண்டுபிடிப்பாளரை மறப்பது நன்றி தொடர்பானது மட்டுமன்று. அவருடைய கண்டுபிடிப்பு எதற்காகப் பிறந்தது என்பதையும் சேர்த்தே மறந்துவிடுகிறோம். பிறந்த காரணம் மறந்துபோன கருவி எங்கு வேண்டுமானாலும் பயன்படத் தொடங்கிவிடும்.

இன்னுமொன்று சொல்லவேண்டும். 2004-க்கு முன் எழுந்த மேடைகளில் பல இன்றும் நிற்கின்றன. பழைய கம்பங்களும் அங்கங்கே கழற்றப்படுகின்றன. பச்சைச் சாயல் மங்கிப்போன அக்கட்டைகளை விறகாக எரிப்பது பேராபத்து. எரியும்போது பூட்டு உடைகிறது. புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் விடுதலை பெறுகிறது. அச்சாம்பலைத் தோட்டத்தில் எருவாக இடுவதும் தீது. அயல்நாட்டில் வாழும் நம் நண்பர்கள் பழைய மேடையைப் பிரிக்கும்போதும், இங்குள்ளோர் மருந்தேறிய பழங்கட்டையை அடுப்பருகே கொண்டுவரும்போதும் இதனை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

வைரம் என்பது மரம் தன் முதுமையில் தானே சேர்த்துக்கொள்ளும் செல்வம். அதற்கு நூறாண்டு வேண்டும். நூறாண்டு காத்திருக்க இயலாத நாம் அதனை ஒரு பிற்பகலில் உருளைக்குள் வைத்துத் தந்துவிடுகிறோம். அவ்விரைவுக்குரிய விலையை மரம் கொடுப்பதில்லை. அதன் கீழே கிடக்கும் மண்தான் கொடுக்கிறது.